நுண்கட்டுப்படுத்தியைத் தெரிவு செய்தல்



க.பொ.த. உயர் தரத்தில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பவியல், பொறியியற் தொழினுட்பவியல் ஆகிய பாடங்களைக் கற்போர் செயற்றிட்டம் ஒன்றைச் செய்ய முற்படும்போது முதலில் கேட்கும் வினா "சேர், எந்த நுண்கட்டுப்படுத்தியை வாங்க வேண்டும்?" என்பதாகும். இவ்வினாவுக்கு ஒரு பெயரை மட்டும் விடையாகக் கூறுவது தவறு. அத்தவறை நானே ஒருமுறை செய்திருக்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன்னர் எனது வகுப்பு மாணவி ஒருவர் பாடசாலைக் கண்காட்சிக்காக நாற்றுமேடையின் ஈரப்பதன் குறைந்தால் ஒலி எழுப்பும் கருவி ஒன்றைச் செய்தார். எல்லோரும் பாவிக்கும் ஆர்டுயினோ உனோ பலகையையே வாங்கும்படி நான் கூறினேன். 9 வோல்ற்று மின்கலத்துடன் மாலையில் மேசையில் வைத்துப் பரீட்சித்தபோது கருவி நன்றாக வேலை செய்தது. இரவு முழுவதும் அதை இயங்க விட்டார். காலையில் கண்காட்சி மண்டபத்தில் கருவி இயங்கவில்லை. தனது பற்றாசு வேலையில்தான் பிழை என்று எண்ணி ஒவ்வோர் இணைப்பையும் கழற்றி மீண்டும் பிடித்துக்கொண்டிருந்தார். அதற்குள் நடுவர்கள் வந்து போய்விட்டனர். அவரது வேலையில் எந்தப் பிழையும் இருக்கவில்லை. மின்கலம் தீர்ந்திருந்தது. நான் ஒரேயொரு வகுத்தற் கணக்கைச் செய்து பார்த்திருந்தால் அந்தப் பிள்ளைக்கு அந்த நிலை வந்திராது.

நான் கலைத்துறையில் பட்டம் பெற்றவன். இலத்திரனியலை நூல்களைப் பார்த்தும் மாணவருடன் சேர்ந்தும் கற்றுக்கொண்டேன். ஆகவே இக்கட்டுரையில் கடினமான சமன்பாடுகள் எவையும் இல்லை. கூட்டல், பெருக்கல், வகுத்தல் தெரிந்தால் போதுமானது.

1. நுண்கட்டுப்படுத்தி என்றால் என்ன?

முறைவழியாக்கி, நினைவகம், உள்ளீட்டு வெளியீட்டு முனைகள், நேரங்கணிப்பான் ஆகியவை ஒரே ஒருங்கிணைந்த சுற்றினுள் அமைந்த சிறிய கணினியே நுண்கட்டுப்படுத்தி ஆகும். சலவை இயந்திரம், தொலைக்காட்சியின் தொலைக் கட்டுப்படுத்தி, மின் சோறாக்கி போன்றவற்றினுள் இருந்து குறித்த ஒரு வேலையை மட்டும் திரும்பத் திரும்பச் செய்வது இதுவாகும். இவ்வாறான தொகுதிகள் உட்பதித்த தொகுதிகள் எனப்படும்.

நுண்முறைவழியாக்கிக்கும் நுண்கட்டுப்படுத்திக்கும் இடையிலான வேறுபாடு பரீட்சைக்கு முக்கியமானது. நுண்முறைவழியாக்கி வேலை செய்வதற்கு நினைவகத்தையும் உள்ளீட்டு வெளியீட்டுச் சுற்றுக்களையும் புறம்பாக இணைக்க வேண்டும். நுண்கட்டுப்படுத்தியில் இவை உள்ளேயே உள்ளன. 1971 இல் இன்டெல் நிறுவனம் வெளியிட்ட 4004 ஒரு நுண்முறைவழியாக்கி ஆகும். அதே நிறுவனம் 1980 இல் வெளியிட்ட 8051 ஒரு நுண்கட்டுப்படுத்தி ஆகும். 8051 இனுள் 4 கிலோபைற்றுச் செய்நிரல் நினைவகமும் 128 பைற்று ராம் நினைவகமும் 32 உள்ளீட்டு வெளியீட்டு முனைகளும் இருந்தன. 128 பைற்று என்பது ஒரு குறுஞ்செய்தி அளவுக்கும் போதாதது. ஆயினும் அதனைக் கொண்டு உலகெங்கும் எண்ணற்ற கருவிகள் செய்யப்பட்டன. சிறிய வேலைக்குச் சிறிய நினைவகம் போதும் என்பதற்கு இதுவே சான்று.

மேலும் ஒரு வேறுபாட்டை மனதிற் கொள்க. பலகை வேறு, நுண்கட்டுப்படுத்தி வேறு. 2005 இல் இத்தாலியில் ஆரம்பிக்கப்பட்ட ஆர்டுயினோ என்பது மாணவரும் இலகுவாகப் பாவிப்பதற்கென உருவாக்கப்பட்ட பலகைகளும் மென்பொருளும் சேர்ந்த ஒரு தொகுதி ஆகும். உனோ பலகையில் உள்ள நுண்கட்டுப்படுத்தி அற்மெகா 328பி ஆகும். அப்பலகையில் இதனைத் தவிர யூ.எஸ்.பி. இணைப்புக்கான சுற்று, வோல்ற்றளவுச் சீராக்கி, எப்போதும் ஒளிரும் ஒளிகாலும் இருவாயி ஆகியனவும் உள்ளன. அவையும் மின்னைச் செலவிடும்.

2. தெரிவுக்கு முன் கேட்க வேண்டிய ஆறு வினாக்கள்

கடைக்குச் செல்லும் முன் கொப்பியில் பின்வரும் ஆறு வினாக்களுக்கும் விடை எழுதுக.

(அ) எத்தனை முனைகள் தேவை? ஒவ்வோர் உணரி, ஆளி, ஒளிகாலும் இருவாயி, ஒலிப்பான் என்பவற்றுக்கும் தேவையான முனைகளைக் கூட்டுக. பின்னர் ஒன்று அல்லது இரண்டு முனைகளை மேலதிகமாகச் சேர்த்துக்கொள்க. செயற்றிட்டத்தின் இடையில் புதிய யோசனை தோன்றாத மாணவரை நான் இன்னும் காணவில்லை.

(ஆ) எவ்வளவு நினைவகம் தேவை? செய்நிரல் பிளாஷ் நினைவகத்தில் இருக்கும். செய்நிரல் இயங்கும்போது மாறிகள் ராம் நினைவகத்தில் இருக்கும். மின் நின்ற பின்னரும் அழியாதிருக்க வேண்டிய தரவுகள் ஈப்ரொம் நினைவகத்தில் சேமிக்கப்படும்.

(இ) எவ்வகை உள்ளீடு? ஆளி போன்று இரு நிலைகள் மட்டும் உள்ளதா, ஈரப்பதன் போன்று தொடர்ச்சியாக மாறுவதா? தொடர்ச்சியாக மாறுவதாயின் ஒப்புமை – இலக்கமுறை மாற்றி கட்டாயம் தேவை. 10 பிற்று மாற்றி ஒன்று உள்ளீட்டை 2 இன் 10 ஆம் அடுக்கு, அதாவது 1024 படிகளாகப் பிரிக்கும். 5 வோல்ற்றில் ஒரு படி ஏறத்தாழ 4.9 மில்லிவோல்ற்று ஆகும்.

(ஈ) எவ்வளவு வோல்ற்றளவு? நுண்கட்டுப்படுத்தியும் உணரியும் ஒரே வோல்ற்றளவில் இயங்கினால் வேலை இலகு. 3.3 வோல்ற்றில் இயங்கும் நுண்கட்டுப்படுத்தியின் முனைக்கு 5 வோல்ற்றை நேரே வழங்கினால் அது பழுதடையலாம்.

(உ) மின் எங்கிருந்து வருகிறது? சுவர் மின்னிலிருந்து வருவதாயின் 50 மில்லிஅம்பியர் ஒரு பொருட்டல்ல. மின்கலத்திலிருந்து வருவதாயின் இதுவே முதலாவது வினாவாக வேண்டும்.

(ஊ) வாங்க முடியுமா, செய்நிரலை ஏற்ற முடியுமா? 2020 இலிருந்து 2022 வரை உலகளவில் சில்லுகளுக்குப் பெருந்தட்டுப்பாடு நிலவியது. 2022 இல் இலங்கை ரூபாவின் பெறுமதி வீழ்ந்தபோது இறக்குமதிப் பொருட்கள் யாவும் விலையேறின. எனவே மிகச் சிறந்த சில்லு எது என்பதிலும் எமது ஊரில் கிடைக்கும் பொருத்தமான சில்லு எது என்பதே பயனுள்ள வினாவாகும். செய்நிரலை ஏற்றுவதற்கான கருவியின் விலையையும் கணக்கிற் சேர்க்க வேண்டும்.

3. சில நுண்கட்டுப்படுத்திகளின் ஒப்பீடு

அற்ரைனி 85: 8 கால்கள் மட்டுமே உள்ளது. பிளாஷ் 8 கிலோபைற்று, ராம் 512 பைற்று, ஈப்ரொம் 512 பைற்று. 10 பிற்று மாற்றிக்கு 4 உள்ளீடுகள். உள்ளீட்டு வெளியீட்டு முனைகள் 6. ஆயினும் அவற்றுள் ஒன்று மீளமைப்பு முனையாகும். அதனைச் சாதாரண முனையாக மாற்றினால் வழமையான முறையில் செய்நிரலை மீண்டும் ஏற்ற முடியாது. ஆகவே 5 முனைகள் என்றே கணக்கிடுக. 2.7 தொடக்கம் 5.5 வோல்ற்று வரை இயங்கும்.

அற்மெகா 328பி: 28 கால்கள் உள்ள வடிவத்தில் 23 முனைகள் வரை பயன்படுத்தலாம். மாற்றிக்கு 6 உள்ளீடுகள். பிளாஷ் 32 கிலோபைற்று, ராம் 2 கிலோபைற்று, ஈப்ரொம் 1 கிலோபைற்று. 1.8 தொடக்கம் 5.5 வோல்ற்று வரை இயங்கும்.

பிக் 16எவ்877ஏ: 40 கால்கள், 33 முனைகள். மாற்றிக்கு 8 உள்ளீடுகள். ராம் 368 பைற்று. பழைய நூல்களிலும் செயற்றிட்டங்களிலும் அதிகம் காணப்படுவது. முனைகள் அதிகம், ஆனால் ராம் குறைவு என்பதைக் கவனிக்க.

ஈ.எஸ்.பி. 32: 2016 இல் வெளிவந்தது. வைபை, புளூடூத் ஆகிய இரண்டும் உள்ளேயே உண்டு. ராம் 520 கிலோபைற்று. 3.3 வோல்ற்றில் இயங்கும். வைபை மூலம் தரவை அனுப்பும் கணங்களில் 200 மில்லிஅம்பியருக்கும் மேல் இழுக்கலாம்.

ராஸ்பெரி பை பிக்கோ: 2021 சனவரியில் 4 அமெரிக்க டொலர் விலையில் வெளிவந்த பலகை. ராம் 264 கிலோபைற்று. 26 முனைகள். 3.3 வோல்ற்றில் இயங்கும். மைக்குரோபைதன் மொழியிலும் செய்நிரல் எழுதலாம்.

இப்பட்டியலைப் பார்த்தவுடன் கடைசி இரண்டுமே சிறந்தவை என்று தோன்றும். எண்கள் பெரியவை என்பது உண்மை. ஆனால் எமது வேலைக்கு அவை தேவையா?

4. செய்து காட்டிய உதாரணம்: நாற்றுமேடை ஈரப்பதன் கருவி

அந்த மாணவியின் கருவியையே எடுத்துக்கொள்வோம். 10 நிமிடங்களுக்கு ஒருமுறை மண்ணின் ஈரப்பதனை அளக்க வேண்டும். குறைந்தால் ஒளியும் ஒலியும் எழ வேண்டும். தோட்டத்தில் சுவர் மின் இல்லை.

படி 1 – முனைகள். உணரியின் உள்ளீட்டுக்கு 1, உணரிக்கு மின் வழங்க 1, ஒளிகாலும் இருவாயிக்கு 1, திரான்சிற்றர் ஊடாக ஒலிப்பானுக்கு 1. மொத்தம் 4. அற்ரைனி 85 இல் பயன்படுத்தத்தக்கவை 5. ஒன்று மிச்சம். போதுமானது.

உணரிக்கு மின் வழங்கத் தனி முனை எதற்கு எனக் கேட்கலாம். மண்ணிற் குத்தும் உலோகத் தகடுகளில் எந்நேரமும் மின்னோட்டம் சென்றால் மின்பகுப்பினால் அவை அரித்துவிடும். அளக்கும் ஒரு செக்கனுக்கு மட்டும் மின் வழங்கினால் தகடும் நிலைக்கும், மின்கலமும் நிலைக்கும்.

படி 2 – நினைவகம். 10 பிற்று வாசிப்பு ஒன்றைச் சேமிக்க 2 பைற்று வேண்டும். இவ்வேலைக்கு இறுதி வாசிப்பு மட்டும் போதும். ஒரு நாளின் எல்லா வாசிப்புக்களையும் ராம் நினைவகத்தில் வைத்திருக்க விரும்பினால், மணித்தியாலத்துக்கு 6 வீதம் 24 மணித்தியாலத்துக்கு 144 வாசிப்புக்கள், 288 பைற்று. 512 பைற்றினுள் அதுவும் அடங்கும். ஒரு வாரம் எனில் 1008 வாசிப்புக்கள், 2016 பைற்று. அற்ரைனியில் இடமில்லை. அற்மெகா 328பி இன் 2048 பைற்றிலும் 32 பைற்றே மிஞ்சும். ஏனைய மாறிகளுக்கு அது போதாது. அப்போது வெளி நினைவகம் ஒன்றை இணைக்க வேண்டும்.

படி 3 – மின். மூன்று ஏ.ஏ. மின்கலங்கள் தொடராக இணைக்கப்படும்போது 4.5 வோல்ற்று. மின்கலங்கள் தேய்ந்து ஒவ்வொன்றும் 0.9 வோல்ற்றாகக் குறையும்போது 2.7 வோல்ற்று. இவ்விரண்டும் அற்ரைனி 85 இன் எல்லைக்குள் உள்ளன. ஆகவே வோல்ற்றளவுச் சீராக்கி தேவையில்லை.

படி 4 – மின்கலம் எவ்வளவு காலம் நிலைக்கும்? இதுவே நான் செய்யத் தவறிய கணக்கு.

முதலில் பழைய கருவி. உனோ பலகை விழித்திருக்கும்போது ஏறத்தாழ 50 மில்லிஅம்பியர் எடுக்கும். 9 வோல்ற்று மின்கலம் ஒன்றின் கொள்ளளவு ஏறத்தாழ 500 மில்லிஅம்பியர் மணித்தியாலம்.

500 ÷ 50 = 10 மணித்தியாலம்.

இரவு 8 மணிக்கு இயக்கினால் காலை 6 மணிக்குத் தீர்ந்துவிடும். செய்நிரலில் 10 நிமிடம் காத்திருக்கும்படி தாமதக் கட்டளை இருந்தது உண்மை. ஆனால் தாமதக் கட்டளையின்போது நுண்கட்டுப்படுத்தி உறங்குவதில்லை; விழித்திருந்து நேரத்தை எண்ணிக்கொண்டே மின்னைச் செலவிடுகிறது.

இனி அற்ரைனி 85. விழித்து அளக்கும் 1 செக்கனில் உணரியுடன் சேர்த்து 10 மில்லிஅம்பியர் எனக் கொள்வோம். மீதி 599 செக்கன்களும் உறக்க நிலை, அப்போது 0.01 மில்லிஅம்பியர் எனக் கொள்வோம். உறங்கச் செல்ல முன் ஒப்புமை – இலக்கமுறை மாற்றியை நிறுத்த வேண்டும். இன்றேல் இப்பெறுமானம் கிடைக்காது.

சராசரி மின்னோட்டம் = (10 × 1 + 0.01 × 599) ÷ 600
= 15.99 ÷ 600
= ஏறத்தாழ 0.027 மில்லிஅம்பியர்.

மின்கலக் கொள்ளளவு 2000 மில்லிஅம்பியர் மணித்தியாலம் எனின்,
2000 ÷ 0.027 = ஏறத்தாழ 74,000 மணித்தியாலம்.

இது 8 ஆண்டுகளுக்கும் மேல். நடைமுறையில் அவ்வளவு காலம் கிடைக்காது. மின்கலம் பாவிக்காமலே மெல்ல மெல்லத் தேயும். ஒவ்வொரு முறையும் ஒலிப்பானும் ஒளியும் 1 செக்கனுக்கு மேலதிகமாக 20 மில்லிஅம்பியர் எடுத்தாலும் சராசரி 0.06 மில்லிஅம்பியரே. அப்போதும் கணக்கின்படி 3 ஆண்டுகளுக்கு மேல் வரும். பயிர்ப் போகம் ஒன்றுக்குத் தாராளமாகப் போதும்.

உறக்கத்திலிருந்து எழுப்புவது யார்? வொச்டோக் எனப்படும் உள் நேரங்கணிப்பானே. அற்ரைனி 85 இல் அது ஒரே தடவையில் எண்ணக்கூடிய உச்ச நேரம் ஏறத்தாழ 8 செக்கன். ஆகவே 75 தடவை எழுந்து எண்ணிக்கையை ஒன்றாற் கூட்டி உடனே மீண்டும் உறங்கும். 75 × 8 = 600 செக்கன், அதாவது 10 நிமிடம்.

முடிவு: அற்ரைனி 85 இவ்வேலைக்குப் போதுமானது. பலகையின்றித் தனியே எடுத்த அற்மெகா 328பி உம் இவ்வாறே உறங்கக்கூடியது, அதையும் பாவிக்கலாம். ஆனால் அதன் முனைகளிற் பெரும்பாலானவை வீணாகும். ஆகவே பழைய கருவியின் குறை சில்லில் இல்லை. பலகையை அப்படியே பாவித்ததும் சில்லை உறங்க விடாததுமே குறை.

உனோ பலகை வீணானதா? இல்லை. செய்நிரலை முதலில் அதில் எழுதிப் பரீட்சித்துப் பார்க்கலாம். பின்னர் அதே பலகையையே செய்நிரலேற்றியாக அமைத்து அற்ரைனி 85 இற்குச் செய்நிரலை ஏற்றலாம். கற்பதற்குப் பலகை, களத்துக்குச் சில்லு என நினைவிற் கொள்க.

5. தேவை மாறினால் தெரிவும் மாறும்

• அளவீடு கைப்பேசிக்கு வைபை மூலம் வர வேண்டுமெனின் அற்ரைனி 85 பொருந்தாது. ஈ.எஸ்.பி. 32 பொருத்தமானது. ஆனால் மின்கலக் கணக்கை மீண்டும் செய்ய வேண்டும்.

• எழுத்துத் திரை, விசைப்பலகை, பல உணரிகள் வேண்டுமெனின் அற்மெகா 328பி அல்லது பிக்கோ பொருத்தமானது.

• கருவி வீட்டினுள் சுவர் மின்னில் இயங்குமெனின் உறக்க நிலை முக்கியமல்ல. விலையும் இலகுவான செய்நிரலாக்கமுமே முன்னிற்கும்.

6. மாணவர் விடும் பொதுவான தவறுகள்

• தேவையை எழுதாமல் சில்லின் பெயரை முதலில் எழுதுதல்.
• கால்களின் எண்ணிக்கையையும் உள்ளீட்டு வெளியீட்டு முனைகளின் எண்ணிக்கையையும் ஒன்றெனக் கொள்ளுதல். 8 கால்களில் இரண்டு மின் வழங்கலுக்கு உரியவை.
• பிற்று, பைற்று என்பவற்றை மாற்றி எழுதுதல்.
• "வேகம் கூடியது, ஆகவே சிறந்தது" என எழுதுதல். 10 நிமிடத்துக்கு ஒருமுறை மண்ணை அளப்பதற்கு வேகம் ஒரு காரணமாகாது. காரணம் எப்போதும் வினாவில் தரப்பட்ட தேவையிலிருந்தே எடுக்கப்பட வேண்டும்.

7. மாதிரி வினாவும் விடையும்

வினா: ஒரு கருவி 100 செக்கனுக்கு ஒருமுறை 2 செக்கன் விழித்து 20 மில்லிஅம்பியர் எடுக்கிறது. மீதி நேரம் உறக்கத்தில் 0.1 மில்லிஅம்பியர் எடுக்கிறது. மின்கலக் கொள்ளளவு 1000 மில்லிஅம்பியர் மணித்தியாலம். கருவி எத்தனை நாட்கள் இயங்கும்?

விடை:
விழிப்பில்: 20 × 2 = 40
உறக்கத்தில்: 0.1 × 98 = 9.8
சராசரி = 49.8 ÷ 100 = 0.498 மில்லிஅம்பியர்
காலம் = 1000 ÷ 0.498 = ஏறத்தாழ 2008 மணித்தியாலம்
2008 ÷ 24 = ஏறத்தாழ 84 நாட்கள்.

படிகளைத் தனித்தனியே எழுதுக. இறுதி விடை தவறினாலும் சரியான படிகளுக்குப் புள்ளி கிடைக்க வாய்ப்புண்டு.

8. பயிற்சி வினாக்கள்

1. நுண்முறைவழியாக்கி, நுண்கட்டுப்படுத்தி ஆகியவற்றுக்கிடையிலான வேறுபாடுகள் இரண்டு தருக.

2. நீர்த்தாங்கிக் கட்டுப்படுத்தி ஒன்றில் மூன்று நீர்மட்ட உணரிகள், பம்பியை இயக்கும் அஞ்சலி ஒன்று, ஒளிகாலும் இருவாயிகள் இரண்டு, அழுத்தாளி ஒன்று ஆகியன உள்ளன. ஒவ்வொன்றுக்கும் ஒரு முனை தேவை. இதற்கு அற்ரைனி 85 பொருத்தமானதா? காரணம் தருக.

3. 15 நிமிடத்துக்கு ஒருமுறை பெறும் 2 பைற்று அளவீட்டை 2 நாட்களுக்கு ராம் நினைவகத்தில் வைத்திருக்க எத்தனை பைற்று தேவை?

விடைக் குறிப்பு: வினா 2 இற்கு 7 முனைகள் தேவை, 5 முனைகளே இருப்பதால் பொருத்தமற்றது. வினா 3 இற்கு 192 அளவீடுகள், 384 பைற்று.

மாணவர்களே, அந்த மாணவி பின்னர் தனது கருவியை அற்ரைனி 85 கொண்டு மீண்டும் செய்தார். கண்காட்சி முடிந்துவிட்டதால் அதற்குப் பரிசு எதுவும் கிடைக்கவில்லை. ஆயினும் அன்றிலிருந்து எனது வகுப்பில் யாராவது "சேர், எதை வாங்க வேண்டும்?" என்று கேட்டால் நான் பெயர் எதனையும் கூறுவதில்லை. ஆறு வினாக்களையும் கரும்பலகையில் எழுதி, "முதலில் இவற்றை நிரப்புங்கள்" என்கிறேன். நீங்களும் அவ்வாறே செய்யுங்கள். ஆறும் நிரம்பியபின் சில்லின் பெயரை நீங்களே கூறுவீர்கள்.